வயிற்றுப் பிடிப்பு மாத்திரை: டைசைக்ளோமின் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டைசைக்ளோமின் என்று சொன்னால் பலருக்கு அடையாளம் தெரிவதில்லை. மெஃப்டால் ஸ்பாஸ், சைக்ளோபாம் என்றால் உடனே தெரியும். பல வீடுகளில் அலமாரியிலோ கைப்பையிலோ பாதி அட்டை கிடக்கும். அவற்றில் இருக்கும் வயிற்றுப் பிடிப்பு மருந்துதான் டைசைக்ளோமின். அமெரிக்காவில் 1950-இல் அனுமதி பெற்ற பழைய மருந்து. சரியான ஆளுக்குச் சரியான நேரத்தில் கொடுத்தால் நல்ல மருந்து. ஆனால் நம் ஊர்க் கடைகளில் அது பெரும்பாலும் தனியாக வருவதில்லை, இன்னொரு மருந்தையும் கூட்டிக்கொண்டு வருகிறது. அந்த இன்னொரு மருந்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்பதுதான் மருந்தாளுநராக என் பெரிய கவலை. கீழே உள்ளவை கடைக்கு வருபவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள். கேட்க மறக்கும் சிலவற்றையும் சேர்த்திருக்கிறேன். உங்கள் உடம்பைப் பரிசோதித்த மருத்துவரின் சொல்லுக்கு இவை மாற்று அல்ல.

இந்த மாத்திரை வயிற்றுக்குள் போய் என்ன செய்கிறது?

குடலின் சுவரில் தசை இருக்கிறது. அது சுருங்கி விரிந்துதான் உணவை முன்னே தள்ளுகிறது. சிலருக்கு அந்தத் தசை ஈரத் துணியைப் பிழிவதுபோல இறுகிப் பிடித்துக்கொள்ளும். சுருட்டிப் பிடிக்கிறது, முறுக்கி இழுக்கிறது என்று நாம் சொல்லும் வலி அதுதான். தசைக்குச் சுருங்கும்படி கட்டளை கொண்டுவரும் வேதிப்பொருளுக்கு அசிட்டைல்கோலின் என்று பெயர். டைசைக்ளோமின் அந்தக் கட்டளை தசையை எட்டாதபடி தடுக்கிறது. தசையை நேரடியாகவும் கொஞ்சம் தளர்த்துகிறது.

அசிட்டைல்கோலின் குடலில் மட்டும் வேலை செய்வதில்லை. உமிழ்நீர், வியர்வை, கண்பாவை, சிறுநீர்ப்பை, இதயத் துடிப்பு, மூளை எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு உண்டு. பக்கவிளைவுகள் என்று கீழே வருபவை பெரும்பாலும் இந்த ஒரே காரணத்திலிருந்து பிறப்பவை.

எனக்கு இருப்பது ஐ.பி.எஸ்.தானா?

குடல் எரிச்சல் நோயைத்தான் மருத்துவர்கள் சுருக்கமாக ஐ.பி.எஸ். என்கிறார்கள். 2016-இல் வெளியான ரோம் 4 என்ற வரையறைப்படி, கடந்த 3 மாதங்களில் சராசரியாக வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்றுவலி வந்திருக்க வேண்டும். மலம் கழிப்பதோடு அந்த வலிக்குத் தொடர்பு இருப்பது, மலம் போகும் தடவைகள் மாறுவது, மலத்தின் தன்மை மாறுவது ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். தொல்லை தொடங்கி 6 மாதங்களாவது ஆகியிருக்க வேண்டும். சிலருக்கு மலச்சிக்கல், சிலருக்கு வயிற்றுப்போக்கு, சிலருக்கு இரண்டும் மாறி மாறி வரும்.

நேற்றுக் கல்யாண வீட்டில் சாப்பிட்டு இன்று வயிறு வலித்தால் அது ஐ.பி.எஸ். அல்ல. மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, இரத்தசோகை, காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வலி, 45 அல்லது 50 வயதுக்குமேல் புதிதாகத் தொடங்கிய தொல்லை, குடும்பத்தில் யாருக்காவது பெருங்குடல் புற்றுநோய் இருந்த வரலாறு, இவற்றில் ஒன்று இருந்தாலும் மாத்திரையைத் தேடாமல் மருத்துவரிடம் போங்கள். இந்த அறிகுறிகளோடு மாதக்கணக்கில் பிடிப்பு மாத்திரை வாங்கிப் போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதறுகிறது.

அட்டையில் இரண்டு மருந்துகளின் பெயர் இருக்கிறதே, ஏன்?

இதைக் கேட்கிறவர்கள் குறைவு. எல்லோரும் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

மெஃப்டால் ஸ்பாஸ் மாத்திரையில் டைசைக்ளோமின் 10 மி.கி., மெஃபனமிக் அமிலம் 250 மி.கி. இருக்கின்றன. மெஃபனமிக் அமிலம் இப்யூபுரூஃபன், டைக்ளோஃபினாக் ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்த வலி நிவாரணி. இந்த இன மருந்துகள் இரைப்பையின் உட்சுவரைப் புண்ணாக்கக்கூடியவை, சிறுநீரகத்துக்கும் சுமை. அல்சர் உள்ளவர் வயிற்றுவலிக்கு என்று இதை வாங்கிப் போட்டால், எந்த வயிற்றைக் காப்பாற்ற நினைத்தாரோ அதே வயிற்றில் புண்ணை வளர்க்கிறார். சிறுநீரகக் கோளாறு, இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கும், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களுக்கும் இது ஆபத்து.

மெஃபனமிக் அமிலத்தால் அரிதாக டிரெஸ் என்ற கடுமையான ஒவ்வாமை வரலாம் என்று இந்திய மருந்தியல் நூல் ஆணையம் 2023 நவம்பர் இறுதியில் எச்சரித்தது. தோலில் தடிப்பு, காய்ச்சல், நெறி கட்டுதல் ஆகியவை அதன் அடையாளங்கள். இன்று போட்டு இன்றே வருவதல்ல. 2 முதல் 8 வாரங்கள் கழித்தும் வரலாம். எனவே அப்போது மருத்துவரிடம் இந்த மாத்திரை போட்டதை நினைவுபடுத்திச் சொல்ல வேண்டும்.

டெங்கு பரவும் மழைக்காலத்தில் இன்னொரு கவனம் தேவை. காய்ச்சலோடு வயிறு கடுமையாக வலிப்பது டெங்கு முற்றுவதற்கான எச்சரிக்கை அறிகுறிகளில் ஒன்று. அந்த நேரத்தில் இந்த இன வலி நிவாரணியைக் கொடுத்தால் இரத்தக்கசிவு கூடும். காய்ச்சலும் வயிற்றுவலியும் சேர்ந்து வந்தால் அட்டையை எடுக்காதீர்கள். மருத்துவமனைக்குப் போங்கள்.

சைக்ளோபாம் மாத்திரையில் துணையாக வருவது பாராசிட்டமால். இது இரைப்பைக்குச் சாதுவானது. ஆனால் உடல்வலிக்கு டோலோ, தலைவலிக்கு வேறொன்று, வயிற்றுக்கு இது என்று ஒரே நாளில் மூன்று பெயர்களில் பாராசிட்டமால் உள்ளே போய்விடும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 4 கிராம் என்பது உச்சவரம்பு. அதைத் தாண்டினால் கல்லீரல் பாதிக்கப்படும். குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கும் கல்லீரல் நோயாளிகளுக்கும் அந்த வரம்பே அதிகம்.

கடையில் தினமும் நடக்கும் ஒன்றைச் சொல்கிறேன். "அண்ணே, வயிற்றுவலி மாத்திரை நாலு கொடுங்கள்" என்று கேட்பார்கள். பத்து மாத்திரை அட்டையிலிருந்து நான்கைக் கத்தரித்துக் கொடுப்பது வழக்கம். கத்தரிக்கோல் போகும் வழியில் மருந்தின் பெயர் பாதியாகிவிடும். காலாவதி தேதி மீதி ஆறு மாத்திரைகளோடு கடையிலேயே தங்கிவிடும். வீட்டுக்குப் போன துண்டில் பளபளக்கும் தாளும் ஓரிரு எழுத்துகளும்தான் மிஞ்சும். அடுத்த மாதம் யாருக்கோ வலி வரும்போது அதே துண்டு வெளியே வரும். எனவே வாங்கும்போதே பெயர், அளவு, காலாவதி மூன்றையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது உறையின்மேல் எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

மருந்துச் சீட்டு இல்லாமல் கிடைக்கிறதே, அப்படியானால் பாதுகாப்பானதுதானே?

கிடைப்பது வேறு, பாதுகாப்பு வேறு. டைசைக்ளோமின் இந்தியாவில் அட்டவணை 'எச்' மருந்து. பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டும்.

எப்போது, எவ்வளவு எடுத்துக்கொள்ள வேண்டும்?

அளவை மருத்துவர் முடிவு செய்வார். பொதுவாகப் பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 10 அல்லது 20 மி.கி., நாளுக்கு மூன்று அல்லது நான்கு வேளை. தாங்கிக்கொள்பவர்களுக்கு ஒரு வேளைக்கு 40 மி.கி. வரை கூட்டுவது உண்டு. ஆனால் நாளொன்றுக்கு 80 மி.கி.க்கு மேற்பட்ட அளவை 2 வாரங்களுக்குமேல் தொடர்வது பாதுகாப்பானது என்பதற்குத் தரவுகள் இல்லை. இந்தக் கணக்கு தனி டைசைக்ளோமினுக்கு மட்டுமே. கூட்டு மாத்திரையில் எண்ணிக்கையைக் கூட்டினால் வலி நிவாரணியும் சேர்ந்து கூடிவிடும்.

சாப்பிட்டவுடன் பெருங்குடல் சுருங்குவது இயல்பு. காலை இட்லியை முடிப்பதற்குள் கழிவறையைத் தேடி ஓடுபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அப்படிப்பட்டவர்களுக்குச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு தனி டைசைக்ளோமின் எடுக்கச் சொல்வார்கள். மெஃபனமிக் அமிலம் கலந்தது என்றால் வெறும் வயிற்றில் கூடாது, சாப்பிட்ட பிறகே. ஒரே வலிக்கான இரண்டு மாத்திரைகளுக்கு இரண்டு எதிரெதிர் விதிகள். இதற்காகவும்தான் அட்டையைப் படிக்கச் சொல்கிறேன்.

நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஜெலுசில் போன்ற அமில முறிவு மருந்துகள் டைசைக்ளோமின் உடலில் சேர்வதைக் குறைக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டாம். ஒரு வேளை தவறிவிட்டால் அடுத்த வேளைக்குச் சேர்த்து இரண்டாகப் போடவும் வேண்டாம்.

போட்டதும் வாய் வறண்டு, தலை சுற்றுகிறது. நிறுத்தலாமா?

நாளுக்கு 160 மி.கி. என்ற உயர்ந்த அளவில் நடந்த ஆய்வில் 40 சதவீதம் பேருக்குத் தலைசுற்றல், 33 சதவீதம் பேருக்கு வாய் வறட்சி, 27 சதவீதம் பேருக்குப் பார்வை மங்கல் வந்தது. நம் ஊரில் எழுதித் தரும் சிறிய அளவுகளில் இவ்வளவு பேருக்கு வராது. ஆனால் வரும் தொல்லைகள் இவைதான். வாய் வறண்டால் அடிக்கடி ஒரு மிடறு தண்ணீர் குடிக்கலாம். பார்வை மங்கினாலோ தூக்கம் வந்தாலோ இருசக்கர வாகனத்தை எடுக்காதீர்கள். மலச்சிக்கல் கூடலாம், ஏற்கெனவே மலச்சிக்கல் வகை ஐ.பி.எஸ். உள்ளவர்களுக்கு இது பொருத்தமான மருந்தா என்று மருத்துவரிடம் மறுபடியும் கேளுங்கள். நெஞ்சு படபடத்தாலோ, சிறுநீர் வராமல் முட்டினாலோ, கண் வலித்துச் சிவந்தாலோ, பேச்சு தடுமாறிக் குழம்பினாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள்.

வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த மருந்து வியர்வையைக் குறைக்கிறது. வியர்க்காத உடம்பு சூட்டை வெளியேற்ற முடியாது. கத்திரி வெயிலில் கட்டட வேலை செய்பவர், வயலில் நிற்பவர், தகரக் கூரைக்கு அடியில் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருப்பவர் இதைப் போட்டுக்கொண்டு வேலை செய்தால் வெப்பத் தாக்குதல் வரலாம். உடம்பு கொதித்தும் வியர்வை வராவிட்டால் அது அவசர நிலை.

யார் எடுக்கவே கூடாது?

கண் அழுத்த நோயான குளுக்கோமா உள்ளவர்கள். புராஸ்டேட் வீக்கத்தாலோ வேறு அடைப்பாலோ சிறுநீர் கழிக்கச் சிரமப்படுபவர்கள். குடல் அடைப்பு, கடுமையான பெருங்குடல் அழற்சிப் புண், உணவுக்குழாய் புண்ணாகும் அளவுக்கு அமிலம் எதுக்களிக்கும் நோய், மயஸ்தீனியா கிராவிஸ் என்னும் தசைத் தளர்ச்சி நோய் உள்ளவர்கள். பாலூட்டும் தாய்மார்கள். கர்ப்பிணிகள் மருத்துவர் சொன்னால் மட்டுமே. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அசிட்டைல்கோலினைத் தடுக்கும் இந்த வகை மருந்துகளைத் தவிர்க்கும்படி அமெரிக்க முதியோர் மருத்துவர்களின் பட்டியலே சொல்கிறது. காரணம் மனக்குழப்பம், சிறுநீர்த் தேக்கம், கீழே விழுதல். வீட்டில் தாத்தாவுக்கு வயிறு வலித்தால் பேத்தியின் அட்டையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுக்காதீர்கள்.

கைக்குழந்தை மாலையானால் வீறிட்டு அழுகிறது. சொட்டு மருந்து கொடுக்கலாமா?

6 மாதம் நிறையாத குழந்தைக்கு டைசைக்ளோமின் கூடாது. ஒரு சொட்டுகூடக் கூடாது.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த மருந்து கொடுக்கப்பட்ட பச்சிளம் குழந்தைகளுக்கு மூச்சுத்திணறல், மூச்சு நின்றுபோதல், வலிப்பு வந்ததும், சில குழந்தைகள் இறந்ததும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. மாலை நேர அழுகை பிறந்த இரண்டு மூன்று வாரங்களில் தொடங்கி, ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதங்களில் தானாகவே அடங்கிவிடும். அதாவது எந்த மாதங்களில் குழந்தை அழுகிறதோ அதே மாதங்களில்தான் மருந்து தடை. அந்த வயதைத் தாண்டிய பிறகு மருந்துக்கே பெரும்பாலும் தேவை இருக்காது.

ஆபத்து நேர்வது இப்படித்தான். மூத்த குழந்தைக்கு எப்போதோ எழுதித் தந்த சொட்டு மருந்துப் புட்டி வீட்டில் இருக்கும். இரவு பதினோரு மணிக்கு அழுகை நிற்காதபோது பாட்டி அதை எடுத்துத் தருவார். பாட்டியின் பரிவில் குறை இல்லை. புட்டியைத்தான் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. குழந்தையைத் தோளில் போட்டு ஏப்பம் வரவைத்து, மடியில் குப்புறப் போட்டுத் தடவிக்கொடுத்து, தூக்கிக்கொண்டு உலவுங்கள். அம்மாவும் பாட்டியும் முறைவைத்துக்கொண்டால் இருவருக்கும் கொஞ்சம் தூக்கம் கிடைக்கும். காய்ச்சல், பச்சை நிற வாந்தி, மலத்தில் இரத்தம், பால் குடிக்க மறுப்பது ஆகியவை இருந்தால் அது சாதாரண அழுகை அல்ல. அந்த இரவிலேயே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

மாதவிடாய் வலிக்கும் இதே மாத்திரையைப் போடுகிறோமே?

ஆமாம், மெஃப்டால் ஸ்பாஸ் அதிகம் போவது அதற்குத்தான். அங்கே பெரும்பங்கு வேலை செய்வது மெஃபனமிக் அமிலம். கருப்பையை இறுக்கும் புரோஸ்டாகிளாண்டின் சுரப்பதை அது குறைக்கிறது. மாதத்தில் ஓரிரு நாள், சாப்பிட்ட பிறகு, மருத்துவர் ஒருமுறை பார்த்து எழுதிக்கொடுத்ததாக இருந்தால் பலருக்குப் பிரச்சினை வராது. ஆனால் அதே அட்டையை ஐ.பி.எஸ். வலிக்குத் தினமும் எடுப்பது முற்றிலும் வேறு விஷயம். அங்கே வலி நிவாரணியின் பயன் குறைவு, கேடு அதிகம். மாதாமாதம் வலி கூடிக்கொண்டே போனால் எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வது) போன்ற காரணம் இருக்கலாம். மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பேதியோடு வலிக்கும்போது போடலாமா?

காய்ச்சலோ இரத்தமோ சேர்ந்த பேதியில் வேண்டாம். குடல் வெளியே தள்ள நினைக்கும் கிருமியை உள்ளேயே நிறுத்தி வைத்த கதையாகும். உப்பு சர்க்கரைக் கரைசல்தான் முதல் மருந்து. தொப்புளைச் சுற்றித் தொடங்கிய வலி வலதுபக்க அடிவயிற்றுக்கு இறங்கினால், அல்லது வயிறு பலகைபோல் இறுகினால், மாத்திரை போட்டுக் காத்திருக்காதீர்கள். அது குடல்வால் அழற்சியாக இருக்கலாம்.

மற்ற மாத்திரைகளோடு சேர்த்து எடுத்தால்?

சளிக்குத் தரும் குளோர்பெனிரமின், மனநோய்க்கான சில மருந்துகள், நடுக்கத்துக்கான டிரைஹெக்ஸிஃபெனிடில், மனச்சோர்வுக்கான அமிட்ரிப்டிலின் ஆகியவை ஏற்கெனவே வாயை உலர்த்துபவை. இதோடு சேர்ந்தால் எல்லா விளைவும் இரட்டிக்கும். இதய நோய்க்கான டிகாக்ஸின் எடுப்பவர்கள் கட்டாயம் சொல்லிவிட வேண்டும். மதுவோடு சேர்க்கக் கூடாது.

டைசைக்ளோமின் ஒத்துக்கொள்ளவில்லை. வேறு என்ன இருக்கிறது?

மெபவெரின் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். கொலோஸ்பா என்ற பெயரில் கிடைக்கிறது. அது குடல் தசையில் நேரடியாக வேலை செய்வதால் வாய் வறட்சி, பார்வை மங்கல் பெரும்பாலும் வருவதில்லை. 135 மி.கி. என்றால் நாளுக்கு மூன்று வேளை, சாப்பாட்டுக்கு 20 நிமிடம் முன்பு. மெதுவாகக் கரையும் 200 மி.கி. என்றால் இரண்டு வேளை, கடிக்காமல் விழுங்க வேண்டும். பஸ்கோபான் என்னும் ஹையோசின் பியூட்டைல்புரோமைடு மூளைக்குள் அதிகம் நுழைவதில்லை, எனவே மயக்கம் குறைவு. டிரோடாவெரின் பித்தக்கல், சிறுநீரகக்கல் வலிகளுக்கு அதிகம் தரப்படுகிறது. குடலில் போய்க் கரையும் புதினா எண்ணெய்க் குளிகைக்கும் ஆய்வு ஆதரவு உண்டு. அஞ்சறைப் பெட்டியின் ஓமமும் சீரகமும் உப்புசத்துக்கு ஆறுதல் தந்தால் தாராளமாகக் குடியுங்கள்.

உண்மையிலேயே குணம் தெரியுமா?

மேலே சொன்ன 160 மி.கி. ஆய்வில் டைசைக்ளோமின் எடுத்தவர்களில் 82 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது. மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 55 சதவீதம் பேருக்கும் தெரிந்தது. மருத்துவ அமைப்புகளும் ஒருமித்துச் சொல்லவில்லை. 2021-இல் அமெரிக்க இரைப்பை குடலியல் கல்லூரி அந்நாட்டில் கிடைக்கும் பிடிப்பு மருந்துகளை ஐ.பி.எஸ்.ஸுக்குப் பரிந்துரைக்கவில்லை, அதே ஆண்டில் பிரிட்டிஷ் இரைப்பை குடலியல் சங்கம் சில பிடிப்பு மருந்துகள் பலன் தரலாம் என்றது. என் கணிப்பில் இது வலி வரும் நாட்களுக்கான மருந்து, வருடம் முழுக்க விழுங்குவதற்கானது அல்ல. இரண்டு வாரத்தில் மாற்றம் தெரியாவிட்டால் தொடர்வதில் பொருளில்லை.

வலி விடாதவர்களுக்கு வேறு வழிகள் இருக்கின்றன. குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் ஐ.பி.எஸ்.ஸுக்கு உதவுகிறது என்று பிரிட்டனில் 463 பேரிடம் நடந்து 2023-இல் வெளியான அட்லாண்டிஸ் ஆய்வு காட்டியது. மனச்சோர்வு மாத்திரையை ஏன் தருகிறார்கள் என்று பலர் மனம் வருந்துகிறார்கள். குடலுக்கும் மூளைக்கும் இடையிலான நரம்பு வழியை அமைதிப்படுத்தத்தான் அந்தச் சிறு அளவு. உங்கள் வலி கற்பனை என்று யாரும் சொல்லவில்லை.

பழக்கமாகிவிடுமா?

தனி டைசைக்ளோமினுக்கு அந்தப் பயம் அதிகம் வேண்டாம். கூட்டு மாத்திரைகளில்தான் சிக்கல். சிலவற்றில் டிரமடால் இருக்கும். அது போதைப் பழக்கம் ஏற்படுத்தும் மருந்து, 2018 முதல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. டைசைக்ளோமினுக்குப் பதில் வேறு பிடிப்பு மருந்து சேர்ந்த லிப்ராக்ஸ் போன்றவற்றில் குளோர்டயஸெபாக்சைடு என்னும் பதற்றம் தணிக்கும் மருந்து உண்டு. அதை மாதக்கணக்கில் எடுத்துவிட்டுத் திடீரென நிறுத்தக் கூடாது; மருத்துவர் சொல்லும் முறையில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

சாப்பாட்டில் எதை மாற்றலாம்?

மெல்போர்னில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழகம் வகுத்த ஃபாட்மாப் உணவுமுறை, அதாவது குடலில் சரியாகச் செரிக்காமல் நொதிக்கும் சில மாவுச்சத்துகளைக் குறைக்கும் முறை, பலருக்குக் கைகொடுக்கிறது. நம் சமையலில் குறைக்க வேண்டியவற்றில் முதலில் வருபவை வெங்காயமும் பூண்டும். பிறகு கோதுமை, பால், கொண்டைக்கடலை, காலிஃபிளவர், மாம்பழம். அரிசிச் சோறு பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். சில வாரங்கள் குறைத்துப் பார்த்து, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து எது ஆகவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் முறை. எல்லாவற்றையும் நிரந்தரமாக விட்டுவிட்டால் உடம்பு மெலியும். இசப்கோல் சிறிய அளவில் தொடங்கி நிறையத் தண்ணீரோடு எடுத்தால் நல்லது. கோதுமைத் தவிடு சிலருக்கு உப்புசத்தைக் கூட்டும்.

மருத்துவரிடம் போகும்போது என்ன கொண்டுபோவது?

போட்ட மாத்திரைகளின் அட்டைகளை, காலியானவற்றையும் சேர்த்து ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். வலி எந்த நேரத்தில் வந்தது, அதற்கு முன் என்ன சாப்பிட்டீர்கள், மலம் எப்படிப் போனது, மாத்திரை போட்டு எவ்வளவு நேரத்தில் அடங்கியது என்று இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கண் அழுத்தம், புராஸ்டேட், அல்சர், சிறுநீரகம், கர்ப்பம், தாய்ப்பால், இவற்றில் உங்களுக்குப் பொருந்துவதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். எழுதித் தந்த சீட்டில் இருப்பது தனி மருந்தா, கூட்டு மருந்தா என்று எழுந்து வருவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.